பலகையில் 36

போன ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்டிருந்தேன். கண்கள் மூடியிருந்தன, மனமும் அடங்குகிற நேரம். யாரோ முழங்கையால் விலாவில் இடித்தார்கள். கண்ணைத் திறந்தால், எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியர். ஒரு விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்து, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து வைத்திருக்கிறார்.

"ஏய் டாக்டரு, இந்தா இது கூசுது. பிடுங்கணுமா, கெடக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லிரு."

அப்பத் தட்டோடு குருவானவர் இரண்டு ஆள் தள்ளி வந்துகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தேன். கர்த்தர் மன்னிப்பாராக, கொஞ்சம் வெளிச்சத்துக்காக அவர் தாடையையும் திருப்பினேன்.

"நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க சார்."

"அது எதுக்குல? அதான் பாத்துட்டியே" என்றவர், திறந்த வாயை மூடாமலே குருவானவர் பக்கம் திருப்பிவிட்டார்.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, ஒரு பல் மருத்துவர் தொழிலையும் விசுவாசத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்துக் காப்பாற்றுகிறார் என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பல்லைச் சொல்லிவிடுகிறேன். அது 36.

மனுஷனுக்கு 32 பல்தானே என்று கணக்கு சார் கேட்பார். எங்கள் கணக்கு வேறு. வாயை நான்காகப் பிரித்து வலது மேலே 1, இடது மேலே 2, இடது கீழே 3, வலது கீழே 4 என்று வைத்திருக்கிறோம். அடுத்த இலக்கம், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆகவே 36 என்றால் இடது கீழ்த்தாடையில் ஆறாவது, முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். பெற்றோர் அதைப் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கிறதுதானே" என்று சொத்தையாக விட்டுவிடுவார்கள். அது விழுந்தால் விழுந்ததுதான்.

இந்த எண்கள் என் பக்தியை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஆலயத்தில் பாட்டு எண் பலகை மாட்டியிருக்கிறதே, அதில் எல்லோருக்கும் பாட்டு தெரியும். எனக்குப் பல் தெரியும். 18 என்றால் வலது மேல் ஞானப்பல். எட்டாது, வாயை அகலத் திறக்கச் சொல்ல வேண்டும். 21 என்றால் முன்பல், பைக்கிலிருந்து விழுந்த பையன். துக்க வீட்டில் 23ஆம் சங்கீதம் வாசிக்கும்போது எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள்; எனக்கு முன்னால் ஓர் இடது மேல் கோரைப்பல் வந்து நிற்கிறது. 46ஆம் சங்கீதத்தில் மலைகள் பெயருகின்றன. வலது கீழ்க் கடைவாயை அசைத்துப் பிடுங்கியவனுக்கு அந்த வசனம் புரிகிற மாதிரி எந்த உபதேசியாருக்கும் புரியாது. 51ஆம் சங்கீதம் தாவீது பாவத்துக்கு அழுதது. பால்பற்களுக்கு 5 முதல் 8 வரை தனி வரிசை என்பதால், எங்கள் ஏட்டில் 51 ஒரு குழந்தையின் முன்பல். ராஜா நொறுங்கிப்போய் மன்றாடுகிறார், நான் ஆடுகிற பால்பல்லை நூல் கட்டி இழுக்கிறேன். 84-உம் பால்பல்தான். 91க்குப் பல் கிடையாது, 100க்குக் கிடையாது, 121க்கு இல்லவே இல்லை. நான் உருக்கமாக ஜெபித்ததெல்லாம் அந்த மூன்று சங்கீதங்களில்தான். பாடகர் குழு ஒன்பதிலோ சைபரிலோ முடியும் பாட்டுகளையே எடுத்தால் என் ஆத்துமாவுக்கு நல்லது. கேட்கலாம் என்றால், டெனர் பாடுகிறவரும் பல் டாக்டர். அவரைப் பற்றிப் பிறகு.

பிரசங்கமும் காப்பாற்றாது. பற்கடிப்பு மத்தேயுவில் 6 இடத்தில் வருகிறது, லூக்காவில் 1. சபை நடுங்குகிறது, நான் எனாமல் தேய்மானத்தை நினைக்கிறேன். யாத்திராகமம் 21ஆம் அதிகாரப்படி, எஜமான் தன் அடிமையின் பல்லை உடைத்தால் அந்தப் பல்லுக்காக அவனை விடுதலையாக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மோசே வைத்த விலை ஓர் ஆளின் சுதந்திரம். பாளையங்கோட்டையில் பேரம் 300 ரூபாயில் தொடங்குகிறது.

பேரம் பேசுகிறவர்களாவது நாற்காலியில் உட்காருகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் நின்ற இடத்தில் திறக்கிறார்கள். அசனப் பந்தியில், கறி மாட்டிய பல்லைக் காட்டிவிட்டுத்தான் மோர் வாங்குகிறார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமாமே என்று தெற்கு பஜாரில் வண்டியை மறித்துக் கேட்கிறார்கள். கண்ணுக்குப் போவது மூளையின் இரண்டாம் நரம்பு, பல்லுக்கு வருவது ஐந்தாம் நரம்பின் கிளை என்று ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தியிருக்கிறேன். "நாற்பதுல பல்லு புடுங்கினேன், நாப்பத்தஞ்சுல கண்ணாடி போட்டேன்லா" என்கிறார்கள். நாற்பத்தைந்தில் ஊரே கண்ணாடி போடுகிறது ஐயா!

பக்கத்து வீட்டு ரோமன் கத்தோலிக்க அம்மா மட்டும் என்னிடம் பல்லைக் காட்டுவதில்லை. பல்வலிக்கென்றே புனித அப்போலோனியா இருக்கிறாராம், பிப்ரவரி 9 திருநாளாம். படத்தைக் காட்டினார். அலெக்சாண்டிரியாவில் பல்லை உடைத்துக் கொடுமைப்படுத்தப்பட்ட வேதசாட்சி. கையில் குறடு, குறட்டில் ஒரு பல். சிஎஸ்ஐக்காரனுக்குப் புனிதர்களிடம் வேண்டும் வழக்கமில்லை. இருந்தாலும், அந்தப் படத்தில் நான் எந்தத் தரப்பு என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

குடும்பம். ஆம், அதையும் கேட்டிருந்தார்கள். என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டு, "46இல் சொத்தை, உடனே பல் மருத்துவரை அணுகவும்" என்று சீட்டு அனுப்பினார்கள். நான் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் உடன்குடியிலிருந்து கொண்டுவரும் சில்லுக் கருப்பட்டியை முந்தானையில் முடிந்து ஊட்டுவது எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால், "பனைச் சாமான் பல்லுக்கு ஒண்ணும் செய்யாது" என்று எனக்கே வைத்தியம் சொல்வார்.

மனைவி பல் சுத்தம் செய்ய என்னிடம் வரவில்லை. அந்த டெனரிடம் போனாள். 800 ரூபாய் கொடுத்திருக்கிறாள், என் 800. "அவரு கை பஞ்சு மாதிரி இருக்கு. வலிச்சா சொல்லுங்கன்னு கேட்டுக் கேட்டுச் செய்றாரு" என்றாள். நானும் கேட்பேன். வாய்க்குள் பஞ்சும் குழாயும் இருக்கும்போது கேட்பதால் பதில் வருவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு 47 கூச ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. கண்ணாடியில் பார்த்தால் நாக்குதான் தெரிகிறது. வீட்டில் சொன்னால் அவரிடம் போகச் சொல்வாள், இன்னொரு 800. நாளை ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. பாடகர் குழுதான் முதலில் போய் முழங்காலிடும். அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் கிடைக்குமா, பார்க்க வேண்டும்.