117 வோல்ற் பெட்டியும் 230 வோல்ற் ஊரும்

கேள்வி: கனடாவிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த பழைய வால்வு கிற்றார் அம்பிளிபயரில் 117 வோல்ற் என்று இருக்கிறது. ஸ்ரெப்-டவுன் போட்டும் பியூஸ் எரிகிறதே?
– வாசகர், இணுவில்

பதில்: கனடாவிலிருந்து வருபவர்களுக்கு எங்கள் வெயில் உடனே ஒத்துக்கொள்வதில்லை, பெட்டிக்கும் அப்படித்தான். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஸ்ரெப்-டவுன் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸைத் தொடாது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடாகும். ஆனால் பியூஸை எரிப்பது பெரும்பாலும் பழுதான பில்ற்றர் கப்பாசிற்றர், இல்லையென்றால் ஷோர்ட்டான ரெக்ரிபையர் வால்வு.

ஸ்ரெப்-டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துப் போடுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட்.

அதற்குமேல் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் கப்பாசிற்றரில் 400 வோல்ற் தங்கியிருக்கலாம், ஆளையே எடுத்துவிடும். 1990களில் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டோம். அந்தக் காலத்து றேடியோ திருத்துபவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கப்பாசிற்றர்களை மாற்றச் சொல்லுங்கள். பழைய ட்ரான்ஸ்போமரை மட்டும் எறிய விடாதீர்கள்.