எனக்கு ஒரு கோடி பாக்கி இல்லையே!

அனுப்புநர்: முன்னாள் சூப்பர்வைசர், புடவைப் பிரிவு, உஸ்மான் சாலை, தி.நகர்.

பெறுநர்: திவால் வாரியம், புது தில்லி.

பொருள்: மூன்று மாதச் சம்பளமும் எடுக்காத லீவுக்குக் காசும் கேட்டுத் தொந்தரவு செய்தல்.



எங்கள் கடை நொடித்துவிட்டது. மாதம் 20,000 வீதம் மூன்று மாதச் சம்பளம் நிற்கிறது. லீவுக் காசு தனி. தீபாவளி நேரத்தில் லீவு கேட்டபோதெல்லாம், "அப்புறம் காசா வாங்கிக்கம்மா" என்று சொல்லியே மேனேஜர் சேர்த்துவைத்தது.

தீர்ப்பாயத்தில் நானே கடைமீது திவால் மனு போடலாமா என்று விசாரித்தேன். தாராளமாகப் போடலாமாம், பாக்கி ஒரு கோடி இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு லட்சமாக இருந்த வரம்பை 2020 மார்ச்சில், கொரோனாவைச் சொல்லி, அரசு நூறு மடங்காக்கியது. கணக்குப் போட்டேன். இன்னும் 497 மாதம் சம்பளமில்லாமல் உழைத்திருந்தால் தகுதி வந்திருக்கும். முதலாளிதான் அவசரப்பட்டுவிட்டார்.

நல்லவேளை, வங்கி மனு போட்டது. பாக்கியைக் கோரும் டி படிவம் கைக்கு வந்தது. கம்பெனிக்கும் எனக்கும் பரஸ்பரக் கடன், கொடுக்கல் வாங்கல் உண்டா என்று அதில் கேட்டிருக்கிறீர்கள். உண்டு ஐயா. பொங்கலுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்த 1,850 ரூபாய்ப் புடவை. இரண்டு தவணை பாக்கி. மறைக்க விரும்பவில்லை.

கம்பெனியைக் கலைத்தால் யாருக்கு எப்போது பணம் என்று திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. மயிலாப்பூர்க் கல்யாணப் பந்தி தோற்றது! முதல் பந்தி சமையல்காரர்களுக்கே: திவாலை நடத்திக்கொடுத்தவர்களின் கட்டணமும் செலவும் முழுசாக. அடுத்த பந்தியில் தொழிலாளியும் அடமானம் வாங்கிய வங்கியும் பக்கத்துப் பக்கத்து இலையில். தொழிலாளிக்கு 24 மாதப் பாக்கி வரை, லீவுக் காசு உட்பட. கண் கலங்கிவிட்டது. கடையில் உட்கார எங்களுக்கு நாற்காலி தரச் சொல்லவே 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. இங்கே வங்கிக்குச் சமமாக இலை!

அப்புறம்தான் தெரிந்தது, நான் தொழிலாளியே இல்லை. மேற்பார்வை வேலை, சம்பளமும் தொழிலாளிக்கான வரம்புக்கு மேல், ஆகவே 'ஊழியர்'. மூன்றாம் பந்தி, 12 மாதப் பாக்கி மட்டும். ஐந்நூறு ரூபாய் ஏற்றி 'சூப்பர்வைசர்' என்று பேட்ஜ் குத்தினார்கள். அந்த ஊசி இவ்வளவு தூரம் இறங்கும் என்று யார் கண்டது? பார்த்ததென்னவோ அதே புடவை மடிக்கிற வேலைதான். சொன்னால், "நிரூபி" என்கிறார்கள். கடைசிப் பந்தி பங்குதாரரான முதலாளிக்கு. அவருக்கென்ன, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

நீங்கள் பிறக்குமுன் நிலைமை இதைவிட மோசம், ஒப்புக்கொள்கிறேன். 1997-ல் திருவான்மியூரில் தொடங்கி 1,600 கடை வரை போன சுபிக்ஷா 2009-ல் இழுத்து மூடியபோது, சம்பளம் வராத காவலாளிகளே கிளம்பிப்போய், கடைகள் சூறையாடப்பட்டன. இப்போது சட்டம் இருக்கிறது. வேகம்தான் இல்லை. ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது 2019 ஏப்ரலில். அதைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்.

பிரிட்டனில் கம்பெனி நொடித்தால் எட்டு வாரம் வரை சம்பளத்தையும் ஆறு வாரம் வரை லீவுக் காசையும், ஓர் உச்சவரம்புக்குள், தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசே கொடுத்துவிடுகிறது. பிறகு கம்பெனியிடம் வசூலிக்க வரிசையில் நிற்பது அரசு. அப்படியொரு நிதி இங்கேயும் வேண்டும் என்று தயவுசெய்து மத்திய அரசுக்கு எழுதுங்கள். அது வரும்வரை, புடவை மடித்தவர்கள் எல்லாரையும் பேட்ஜ் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
'ஊழியர்'