வெள்ளி கவர் விளக்கம்: ஓசூர் வட்டார உரையுடன்

அறிஞர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட துறைகளில் கவரியலுக்கே முதலிடம் தர வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகல்லைத் தேடிக் காடுமேடெல்லாம் அலைபவர்கள் உண்டு. ஓசூர் ரோஜாவின் பெருமை பேசுபவர்களும் உண்டு. சிப்காட் கம்பெனிகளில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பிரித்து, மடித்து, கசக்கி, மறுபடி நீவி எடுக்கப்படும், நிலைமின்சாரப் பொறியிலிருந்து சிப்பைக் காக்கும் இஎஸ்டி கவருக்கு மட்டும் உரைகாரர் வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இச்சிற்றாய்வு. நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

முதலில் பகைவன் யார் என்று காண்போம். பகைவன் மனிதன். இஎஸ்டி சோதனைக்கூடங்கள் அவனை 100 பிகோஃபாரட் மின்தேக்கி, 1,500 ஓம் மின்தடை என்று சுருக்கி வைத்திருக்கின்றன. மனிதனுக்கு இதைவிடச் சிக்கனமான வரையறையை எந்தத் தத்துவமும் தரவில்லை. கம்பெனி பஸ்ஸின் ரெக்சின் சீட்டில் பாலியஸ்டர் பேன்ட் உரச எழுந்திருக்கும்போதே இந்த மின்தேக்கி நிரம்பத் தொடங்கிவிடுகிறது. சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் விரல்நுனியில் ‘சுரீர்’ என்று நமக்கு உறைக்கும். சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்குள்ளேயே உயிரை விடும். ஆகவே கொன்றவருக்கும் தெரியாது. அடிபட்ட சிப்பும் சில வேளைகளில் வாய் திறக்காது; டெஸ்டிங்கில் பாஸாகி, பெட்டியில் ஏறி, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பழி தீர்க்கும்.

இவ்வூரில் மணிக்கட்டுக்குத் தனி வரலாறு உண்டு. டிட்கோவும் டாட்டாவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து நாட்டின் மணிக்கட்டுகளுக்குக் குவார்ட்ஸ் கடிகாரம் கட்டிவிட்டது. இன்று சர்க்யூட் போர்டு லைனில் உட்காரும் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுவது ரிஸ்ட் ஸ்ட்ராப். அதன் வயர் எர்த்துக்குப் போகும். வழியில் ஒரு மெகா ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கும். அது எதற்கு எனின், சிப்பைக் காக்கப் போய்ப் பிள்ளையைக் கரன்ட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு. ஸ்ட்ராப் கட்டாமல் கவரைப் பிரிப்பவருக்குக் கவர் இருந்தும் பயனில்லை.

இனி வகைமை. பிங்க் கவர் பாலித்தீன்தான். அதில் கலந்த மருந்து காற்றின் ஈரத்தை மேற்பரப்பில் இழுத்து வைத்து, மின்னூட்டம் ஓரிடத்தில் குவியாமல் பரவவிடுகிறது. தான் மின்னூட்டம் பிடிக்காது என்பதே அதன் பெருமை. வெளியிலிருந்து பாயும் பொறியை அது தடுக்காது. இங்கேதான் ஓசூரின் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்து மேட்டுநிலம். மாசி, பங்குனியில் உதடு வெடிக்கும் வறட்சி. நிலைமின்சாரம் தலைவிரித்தாடுவதும் அப்போதே, ஈரம் கிடைக்காமல் பிங்க் கவர் சோர்ந்துபோவதும் அப்போதே. ஐப்பசி மழையில் அது முழு வீரியத்தோடு நிற்கும். எதிரிதான் அவ்வளவாக இருக்கமாட்டான். மழை விட்ட பிறகு விரியும் குடை என்று இதைத் துணிந்து கூறலாம்.

வெள்ளி கவர் மேலானது. பாலியஸ்டருக்கும் பாலித்தீனுக்கும் நடுவே, உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய அலுமினியப் பூச்சு. 1836இல் மைக்கேல் ஃபாரடே உலோகம் போர்த்திய அறையைக் கட்டி, வெளியே பொறி பறக்க உள்ளே ஒன்றும் நேராது என்று காட்டினாரே, அந்த அறையைத்தான் ஸ்டோர்ஸில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ‘போனை உள்ளே போட்டு ரிங் விட்டேன், அடிக்கிறது, ஆகவே கவர் போலி’ என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. கவர் பொறியைத் தடுக்கப் பிறந்ததே அன்றி அழைப்பைத் தடுக்கப் பிறந்ததன்று. ‘கவரை விரித்து அதன்மேல் போர்டை வைத்தாலும் காப்புதான்’ என்பார் இன்னொரு சாரார். காப்பு உள்ளே இருப்பதற்கு மட்டுமே என்று மறுக்க.

கவரின் முகத்தில் முக்கோணமும் அதனுள் நீளும் கையும் உண்டு. கையின் குறுக்கே கோடு இருந்தால், உள்ளே இருப்பது தொட்டால் கெடும் என்று பொருள். கோடின்றி மேலே வில் வளைந்திருந்தால், இப்பொருள் காக்கும் என்று பொருள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஒரே லைனில் உட்காரும் ஊரில் எழுத்தே இல்லாத இந்த ஏற்பாடு அருமையானது. இரண்டையும் ‘தொடாதே’ என்றே எல்லா மொழியினரும் ஒற்றுமையாகப் படிக்கிறார்கள்.

வெள்ளி கவர் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரிலிருந்து வந்த புதுமை என்பதையும் ஏற்பதற்கில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழக் கூழை உலோகப் படலம் கொண்ட அடுக்குப் பைகளில் காற்றுப் புகாமல் அடைத்து, சுமார் 215 கிலோ பிடிக்கும் டிரம்களில் கப்பலேற்றுகின்றன. ஈரம் ஆகாத சிப்புகளை அடைக்கும் தடித்த கவர் இதற்குப் பங்காளி: வெளியே பிளாஸ்டிக், நடுவே அலுமினியம், உள்ளே பிளாஸ்டிக். கூழுக்குப் பகை ஆக்சிஜன். சிப்புக்குப் பகை ஈரம். ஈரம் குடித்த சிப்பு, போர்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்புக்குள் போனால் உள்ளே ஆவி பொங்கி ஓடு வெடிக்கும். தொழிலில் அதற்குப் பாப்கார்ன் என்றே பெயர். ஆதலால் மூன்றாம் ஈரநிலைச் சிப்பைக் கவர் பிரித்த 168 மணி நேரத்துக்குள், 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் தாண்டாத தளத்தில், பொருத்தி முடிக்க வேண்டும். அதாவது ஒரு வாரம். பிரித்த மாங்கூழ் இவ்வளவு பொறுமை காட்டாது.

கூழ்ப்பை ஒரு பிறவியோடு முடிந்துவிடும். இஎஸ்டி கவருக்கு மறுபிறவிகள் பல. ஒவ்வொரு கசங்கலிலும் அலுமினியப் பூச்சில் கீறல் விழுந்தபடி அது உழைக்கிறது. போதாக்குறைக்கு, சீட்டு விழாமல் இருக்க ஸ்டோர்ஸில் ஒரு ஸ்டேப்ளர் பின் குத்துகிறார்கள். ஓட்டை விழுந்த பின்னும் அது கவரா எனின், ரேஷன் கார்டு வைக்கலாம். போர்டு வைக்கலாகாது என்க.