நாவல் எழுத ஆகும் காலம்

ஒரு நாவலை எழுதி முடிக்கச் சில நாள் முதல் ஓர் ஆயுள் வரை ஆகலாம். சொற்களை எண்ணி இக்காலத்தைக் கணக்கிட முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய ‘நவம்பரில் ஒரு நாவல்’ இயக்கம், 30 நாளில் 50,000 சொற்கள் என்று இலக்கு வைத்தது. வகுத்தால் நாளொன்றுக்கு 1,667 சொற்கள் வரும். கணக்கில் பிழையில்லை, ஆனால் வகுக்கத் தெரிந்த எல்லாரிடமும் நாவல் இல்லை. உண்மையில் காலத்தைத் தீர்மானிப்பது, கையெழுத்துப் பிரதிக்காக வாசலில் நிற்பவர் யார் என்பதே. அதன்படி நாவல்கள் ஐந்து வகைப்படும்.

முதல் வகையில் வாசலில் நிற்பவர் கடன்காரர். இது மிக விரைவானது. தஸ்தயேவ்ஸ்கி கடன் தொல்லையில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் தராவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு கொடுக்காமலே வெளியிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் பிறந்தபோது ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, வாயால் சொல்லிச் சொல்லி ‘சூதாடி’யை 26 நாளில் முடித்தார். பிரதியைக் கொண்டுபோனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அன்னாவையே மணந்துகொண்டார். இம்முறையைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் கடன்பட வேண்டும். அந்தத் தகுதி எழுத்தாளர்களிடையே அரிதன்று.

இரண்டாம் வகையில் ஆளே தேவையில்லை, கடிகாரம் போதும். பிரிட்டிஷ் அஞ்சல் துறை அதிகாரியான ஆண்டனி டிரோலப், விடியற்காலை ஐந்தரைக்கே மேசை முன் அமர்ந்துவிடுவார். கைக்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று மூன்று மணி நேரம் எழுதிவிட்டு அலுவலகம் போவார். எழுப்பிவிடும் வேலைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் தனிச் சம்பளம். இப்படி 47 நாவல்கள் எழுதினார். இவ்விவரமெல்லாம் அவர் இறந்தபின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இருந்தது. படித்த விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். எழுத்தாளர் உழைக்கலாம், அது வெளியே தெரியக் கூடாது என்பது இலக்கிய மரபு.

மூன்றாம் வகையில் நிற்பது அச்சகம். தமிழ் நாவலின் பெரும்பகுதி இவ்வகையில் அடங்கும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை, தம் புனைபெயரையே தாங்கிய வார இதழில் எழுதினார். பிறர் தாமதத்துக்கான சாக்கை ஆசிரியரிடம் சொல்லலாம். கல்கியே ஆசிரியராக இருந்ததால் அவருக்கு அந்த வசதி இல்லை. ஓவியர் மணியம் படம் வரைய வேண்டும்; அதற்குக் கதாநாயகன் வந்தியத்தேவன் இந்த வாரம் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். ராஜேஷ்குமார் மாத நாவல்களுக்காகவும் இதழ்களுக்காகவும் எழுதியவை 1,500-ஐத் தாண்டும். ஒன்றுக்கு எத்தனை நாள் என்று வகுக்கப் போனால், விடை வருவதற்குள் அடுத்தது கடைக்கு வந்துவிடும். ஜெயமோகன் கெடுவை ஒரு நாளாகவே குறுக்கிக்கொண்டார். 2014-இல் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020-இல் 26 நூல்களோடு ‘வெண்முர’சை முடித்தார். அதைப் படித்து முடிக்க ஆகும் காலம் தனி ஆய்வுக்குரியது. தொடர்கதை எழுதாதவர்களுக்குச் சென்னைப் புத்தகக் கண்காட்சி இருக்கிறது. அது ஜனவரியில் வருவதால், பல ஆண்டுகள் ஊறிய நாவல்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் திடீரென்று முதிர்ச்சி பெறுகின்றன.

அச்சகம் வாசலைவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959-இல் ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வரத் தொடங்கியது. இதழ் நின்றது, கதையும் நின்றது. நூலாக வந்தது 1966-இல். அடுத்த நாவல் 1981-இல், மூன்றாவது 1998-இல்.

நான்காம் வகையில் வாசலில் யாருமில்லை. குடும்பச் சொத்தும் குடும்ப வீடும் இருந்த ஃப்ளாபெர், வாக்கியங்களை உரக்கக் கத்திப் பார்த்துப் பார்த்து ‘மதாம் பொவாரி’க்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவலுக்கு 17 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் எடுத்தும் அது எளிமையாகவில்லை. மார்கரெட் மிட்செல் 1926-இல் கணுக்கால் நோவோடு வீட்டில் கிடந்தபோது ஒரு நாவலைத் தொடங்கினார். பெரும்பகுதியை மூன்று, நான்கு ஆண்டுகளில் எழுதி உறைகளில் போட்டு வைத்துவிட்டார். 1935-இல் நியூயார்க்கிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் வந்து கேட்டபோதுதான் அந்த உறைகள் வெளியே வந்தன. அவற்றை எடுத்துப்போக அவர் ஒரு பெட்டியே வாங்க வேண்டியிருந்தது. மனம் மாறிவிட்டது, பிரதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று பின்னாலேயே தந்தி போனது. அவர் அனுப்பவில்லை. ‘கான் வித் த விண்ட்’ 1936-இல் வெளிவந்தது. வாசலுக்கு ஒருவர் வந்து ஓராண்டுக்குள் வேலை முடிந்ததைக் கவனிக்கலாம்.

ஐந்தாம் வகை, இன்னும் தொடங்கப்படாத நாவல். எண்ணிக்கையில் இதுவே மிகுதி. கதை முழுதும் தயார், தலைப்பும் முடிவாகிவிட்டது, சில சமயம் சமர்ப்பணம்கூட. பிள்ளையின் பரீட்சை முடிய வேண்டும், அல்லது ஓய்வூதியம் தொடங்க வேண்டும் என்பதே பாக்கி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதை ரசத்துக்கும் மோருக்கும் இடையே முழுதாகச் சொல்லி முடித்துவிட முடிகிறது. இவ்வகைக்கு மெய்ப்புத் திருத்தம் தேவையில்லை. பாதகமான மதிப்புரையும் இதுவரை வந்ததில்லை.