கிறிஸ்துமஸ் பட்ஜெட்டும் எவர்சில்வர் டப்பாவும்: அபிராமபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கிறிஸ்துமஸ் பட்ஜெட்டை மீறியவர் அபிராமபுரத்தில் எவரும் இல்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். செலவு எல்லை தாண்டுவதில்லை; வேறு கணக்குக்குக் குடிபெயர்கிறது. முந்தைய ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கத் தவறினர். (அவர்களை நாம் படிக்கவில்லை. முந்தைய ஆய்வை மறுப்பதுதான் மரபு, படிப்பது அன்று.)

வரவு சிறுத்தாலும் செலவு பெருகாவிட்டால் கேடில்லை என்பது 478ஆம் குறளின் கருத்து. ஒரு புடவை எடுக்கப் போனவர் இரண்டோடு திரும்புவதைப் பற்றிப் பரிமேலழகர் மௌனம் காக்கிறார். அந்த மௌனத்துக்கு இன்னும் யாரும் முனைவர் பட்டம் வாங்காதது வியப்பே.

இனிச் செலவின வகைகள்.

துணிமணி: சாந்தோம் பேராலய நள்ளிரவுத் திருப்பலிக்கு எடுக்கும் பட்டு, தை மாதக் கல்யாணத்துக்கும் ஆகும். எனவே கல்யாணக் கணக்கு.

ஸ்டார்: போன வருடத்தது பரணில் இருக்கிறது. யார் ஏறுவது?

ஆட்டோ: பாண்டி பஜார் நடைபாதை 2019இல் அகலமானபின் நடப்பது சுகம்தான். பை கனத்தால் ஆட்டோ. அது மாதச் செலவு.

கேக்: இங்கேதான் அறிவுலகம் பிளவுபட்டு நிற்கிறது. மேல்மாடி மாமி முறுக்கும் மைசூர்பாகும் போட்டு அனுப்பிய எவர்சில்வர் டப்பா தீபாவளியிலிருந்து அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி காத்திருக்கிறது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது. ஆகவே பிளம் கேக், அச்சுமுறுக்கு, கல்கல் மூன்றும் கிறிஸ்துமஸ் செலவே அல்ல, கடன் அடைப்பு. கடன் எவ்வளவு? டப்பா நிறைய என்பது கொள்ளளவுவாதிகள் கட்சி. வந்த முறுக்கில் பாதி ஓட்டைதானே என்பது எடைவாதிகள் கட்சி. மாமி முட்டை தொடமாட்டார். முட்டை போடாத கேக் தனியே, விலையும் கூடுதல். (சான்று: பேக்கரி ரசீது, பின்பக்கம், எண்ணெய்க் கறைக்கு வடமேற்கே, பென்சில் குறிப்பு. இது இடைச்செருகல் என்பது மாமியார் துணிபு. கையெழுத்து அவருடையதே என்பது மருமகள் துணிபு. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் பிடித்திருக்கும் பட்ஜெட் முதற்படியில் இவ்வரி இல்லை. அரிசி டப்பாவுக்குள் கணவர் அறியாது பாதுகாக்கப்படும் திருத்திய படியில் மூன்று முறை உள்ளது.)

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், கிறிஸ்துமஸ் பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று 1993இல் எழுதினார். பரிசைப் பெற்றவர் கண்ணில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லையாம். கல்லூரி மாணவர்களைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தார். மாமியைக் கேட்டாரா? கேக்கை நம் தட்டில் வைத்துக் கொடுத்துப் பார்த்திருந்தால், பொங்கலன்று அந்தத் தட்டு சர்க்கரைப் பொங்கலோடு திரும்புவதைக் கண்டு கட்டுரையைக் கிழித்திருப்பார்.

இத்தனைக்கும் பிறகு பணம் போதாவிட்டால் அரசியலமைப்பின் 115ஆம் பிரிவு கைகொடுக்கும். நிதியமைச்சரே டிசம்பர் கூட்டத்தொடரில் பெரும்பாலும் துணை மானியக் கோரிக்கை வைக்கிறார். வீட்டில் அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். எதிர்க்கட்சி அப்போது சோபாவில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும்.

தீராத சிக்கல் மூடி பற்றியது. மேல்மாடி டப்பாவின் மூடி எப்படியோ எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. கேட்டு வாங்கினால் மனஸ்தாபம் வரும். மூடாமல் கேக் கொடுத்தால் எறும்பு வரும். எனவே மூடியோடு புது டப்பா ஒன்று வாங்கியாக வேண்டும். அது பாத்திரக் கணக்கு.