நீரா, கரையா? படகு நிறுத்தம் குறித்த ஒரு பரபக்க-சுபக்க ஆராய்ச்சி

படகு ஓடும்போது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிக்கலெல்லாம் அது ஓடாதபோதுதான். சும்மா கிடக்கும் படகை நீரிலேயே விடுவதா, கரையில் ஏற்றுவதா என்ற வினாவை நம் உரையாசிரியர்கள் ஒருவரும் தொடாமல் விட்டுப் போனார்கள். தேருக்கு நிலை உண்டு, மாட்டுக்குத் தொழுவம் உண்டு. படகுக்கு மட்டும் விதி வகுக்கப்படவில்லை. அக்குறை போக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

இவ்வினாவில் இரு பக்கத்தார் உளர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை, துறைமுகம் இல்லாத ஊர்களில், கரைப்பக்கத்தாரே பெரும்பான்மை. இதற்குக் காரணம் தத்துவம் அன்று, அலை. கரையை ஒட்டியே அலை உடைவதால், நங்கூரம் போட்டு விட்ட சிறுபடகு மறுநாள் காலையில் அதே வடிவில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சென்னைப் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஓதம் வந்து தூக்கி வைக்கும் என்று காத்திருக்க முடியாது, இழுக்கத்தான் வேண்டும். கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு பாக் விரிகுடாவுக்குள் நுழைந்தால் மதமே மாறிவிடுகிறது. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். அங்கே வள்ளங்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரத்தில் நிற்கும்; ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தே போய் ஏறுவார்கள்.

முதலில் நீர்ப்பக்கத்தார் கூற்று. மிதக்கும் படகை நீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்குகிறது. கரையில் ஏற்றினால் மொத்தப் பாரமும் ஏரா என்னும் அடிமரத்தின்மேல் வந்து உட்காருகிறது. மரப்படகை வெயிலில் போட்டால் பலகை சுருங்கி மூட்டு விடும். நெடுநாள் காய்ந்த படகை இறக்கினால் முதலில் ஒழுகும். பலகை ஊறிப் பருத்த பிறகே அடைபடும். ஆகவே நனைந்தே கிடப்பதுதான் மரத்துக்கு இயல்பு என்பது அவர்கள் துணிபு. மீன்பாடு இருக்கிறது என்று நடுராத்திரியில் சேதி வந்தாலும் ஏறி உட்கார்ந்து போய்விடலாம் என்ற உலகியல் நன்மையையும் அவர்கள் சேர்த்துச் சொல்வர்.

அற்றன்று. கப்பல் புழுவை அவர்கள் மறந்தார்கள். பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டியின் உறவு. உடல் முனையில் இரண்டு சிறு ஓடுகள் உண்டு. அவற்றையே அரமாக்கி மரத்தை அராவிக்கொண்டு உள்ளே போகும். நுழையும்போது ஊசித்துளை; உள்ளே போனபின் வளர்ந்துகொண்டே, போகிற வழிக்கெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு குடித்தனம் நடத்தும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை புத்தம்புதிதாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் உள்ளே வீடு காலி என்று தெரியும். கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தில், 1503இல், புழு தின்ற இரு கப்பல்களை ஜமைக்காக் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டு ஓராண்டு அங்கேயே கிடந்தார். நீர்ப்பக்கத்திலிருந்து கரைப்பக்கத்துக்கு மாறியவர்களுள் இவரே புகழ்பெற்றவர். 1730களில் இதே பிராணி ஹாலந்தின் கடல்தடுப்புக் கரைகளின் மரங்களைத் தின்னத் தொடங்கியது. அப்போதுதான் செல்லியஸ் என்பவர் 1733இல் ஒரு நூலே எழுதி, இது புழுவன்று என்று நிறுவினார். கரைகளுக்கு அதனால் எந்த ஆறுதலும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மரத்துக்குப் பதில் கல் இறக்கினார்கள்.

அடுத்தது கொட்டலசு. இது குட்டியாக நீந்தித் திரிந்து, ஒரு நாள் படகின் அடியில் தலையை ஒட்டிக்கொண்டு ஓடு கட்டி, ஆயுள் முழுக்கத் தலைகீழாக இருந்தபடி கால்களால் உணவை வாரி வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகளை இதற்கே கொடுத்தார். நம் துறைமுகங்களில் சுரண்டியோடு படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதே ஆராய்ச்சியைச் செய்பவர்களுக்குத் தினக்கூலி. அடியில் கொட்டலசு ஏறிய படகு அதே டீசலில் அதே தூரம் போகாது.

இதற்கு மாற்றாக ஆங்கிலேயக் கடற்படை 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு நின்றது, கொட்டலசும் ஒட்டவில்லை. ஆனால் உப்புநீரில் செம்பு அரித்தது. 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரும் வேதியியலறிஞர், செம்போடு துத்தநாகத் துண்டோ இரும்புத் துண்டோ சேர்த்து வைத்தால் அந்தத் துண்டு அரியும், செம்பு தப்பும் என்றார். அப்படியே செய்தார்கள். செம்பு தப்பியது. கரைந்து வந்த செம்புதான் இத்தனை நாளும் கொட்டலசுக்கு விஷமாக இருந்தது என்ற உண்மை பிறகே தெரிந்தது. அரிப்பு நின்ற அடியில் கொட்டலசு வந்து குடியேறியது. அறிவியலுக்கு முழு வெற்றி. கப்பலுக்குத்தான் வேகம் போயிற்று.

'எங்களது ஃபைபர் படகு. அதைப் புழு தின்னுமோ?' எனின், தின்னாது. 2004 சுனாமிக்குப் பின் நம் கரை முழுக்க ஃபைபர் நிறைந்துவிட்டதால் இத்தடை எழுவது இயல்பே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடந்தால் மேற்பூச்சு வழியே நீர் சிறிது சிறிதாகப் புகுந்து கொப்புளம் போடும். கொட்டலசுக்கோ மரம், ஃபைபர், இரும்பு என்ற பேதம் இல்லை.

ஆகக் கரைப்பக்கமே வென்றதா எனின், அதுவும் அன்று. கரையில் படகுக்கு முதற்பகை மழை. உப்புநீர் மரத்தைப் பக்குவம் செய்யும். மழைநீர் தேங்கினால் பூஞ்சை பிடித்து உளுக்கும். மரமாக இல்லாவிட்டால் உளுக்காது, கொசு வளரும். சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போவார். நீர் வடியட்டும் என்று அடித்தக்கையைப் பிடுங்கி வைப்பது உண்டு. பிடுங்கிய தக்கையைத் திரும்பச் செருகாமல் கடலில் இறக்குவதும் உண்டு. இது பற்றிக் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே கதை, வேறு வேறு பெயர்களில் வழங்குகிறது.

இரண்டாம் பகை நிழல். கரையில் ஏற்றிய படகு ஒரு நிழலை உண்டாக்குகிறது, நிழல் உண்டான இடம் பொதுச்சொத்தாகிவிடுகிறது. வலை பின்னுவோர், சீட்டாடுவோர், பகல் தூக்கம் போடுவோர், ஆடு, நாய் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வர். தேர்தல் வந்தால் பக்கவாட்டில் சின்னம் ஏறும். இவர்களில் ஒருவரும் படகைத் தள்ள எழுந்து வருவதில்லை என்பதை இவ்வாய்வாளர் நேரில் கண்டுள்ளார். முன்பு ஏலேலோ பாடி இழுத்த இடங்கள் பலவற்றில் இப்போது டிராக்டர் வந்துவிட்டது. அதற்குப் பாட்டு வேண்டாம், வாடகை வேண்டும்.

இவ்வினாவை ஒரு முதிய மீனவரிடம் வைத்தபோது அவர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே சொன்னார்: "இழுக்க ஆள் இருந்தா ஏத்துறது நல்லது தம்பி. ஆள் இல்லேன்னா தண்ணியில கெடக்குறதுதான் நல்லது." மேற்கோள் எதுவும் காட்டாமையால் இக்கருத்து ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

மாறாக, வரலாற்றுச் சான்றுகளுக்குச் செல்வோம். எகிப்தில் மன்னர் கூஃபுவின் பிரமிடை ஒட்டிய குழியில், பிரித்து அடுக்கிய நிலையில் 1,224 துண்டுகளாக ஒரு படகு 1954இல் கிடைத்தது. வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு. கரைப்பக்கத்தார் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் சுவீடனின் வாசா என்ற போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே ஒரு மைல்கூடப் போகாமல் ஸ்டாக்ஹோமில் மூழ்கி, 1961இல் ஏறக்குறைய முழுதாக மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் அங்கே கப்பல் புழு குடியேறவில்லை. முந்நூற்று முப்பத்து மூன்று ஆண்டு நீரில் நலமாகக் கிடந்த அக்கப்பலுக்கு, கரைக்கு வந்த பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. மரம் சுருங்கி வெடிக்காதிருக்கப் பதினேழு ஆண்டு மருந்துநீர் தெளித்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க, படகைக் காப்பது நீரும் அன்று, கரையும் அன்று. அதை யாரும் ஓட்டாமல் இருப்பதே என்பது பெறப்படும். மீனவர் சங்கங்கள் இம்முடிபை ஏற்குமா என்பது ஐயம்.

பேதாபேதவாதிகளும் உளர். காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே படகு நாளுக்கு இருமுறை தானே நீரிலும் தானே தரையிலும் இருக்கிறது. உரிமையாளர் முடிவெடுக்க வேண்டியதில்லை. அதே ஓதத்தில்தான் அலங் கடற்கரையில் பழைய கப்பல்களைத் தரையேற்றி உடைக்கிறார்கள். ஆதலின் அந்நெறியை இவ்வாய்வாளர் அளவோடு பரிந்துரைக்கிறார்.

நம் விசைப்படகுக்காரர்களுக்கு அரசே விடை தந்துவிட்டது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கவே அது என்பார்கள். காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ அந்நாளில் போய் நின்றால், படகுகள் கரையேறி, அடி சுரண்டப்பட்டு, மூட்டுகளில் கலப்பத்து அடைக்கப்பட்டு, வண்ணம் பூசப்படுவதைக் காணலாம். மீன் என்ன செய்கிறது என்பதைக் காண வழியில்லை.

கட்டுமரக்காரர் இச்சிக்கலை வேரிலேயே அறுத்தார்: கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காயப்போட்டுவிட்டால், நிறுத்துவதற்குப் படகே இல்லை. இதைவிட ஒரு படி மேலே போனது தெப்பம். மயிலாப்பூரிலும் மதுரை வண்டியூரிலும் தைப்பூசத்தை ஒட்டிப் பீப்பாய்களைப் பிணைத்து, மேலே மரச்சட்டம் கட்டி, விளக்கு ஏற்றிச் சுவாமியை எழுந்தருளச் செய்வர். உற்சவம் முடிந்ததும் சுவாமி கோயிலுக்குத் திரும்புவார்; பீப்பாய் வேறு, சட்டம் வேறு என்று பிரித்துவிடுவார்கள். அடுத்த தை வரை கொட்டலசுக்கு அங்கே ஒட்ட இடமில்லை, சீட்டாடுவோருக்கு நிழலுமில்லை.