கொல்லிமலை ஏறும் வித்தியாசக்காரர்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வித்தியாசக்காரர் கட்டாயம் இருப்பார். ஆங்கில வாத்தியாராகவோ தபால் இலாகாவிலோ இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், "கன்டினியூவலுக்கும் கன்டினியூவஸுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க தம்பி?" என்பார்.

தம்பி என்னத்தைச் சொல்வார்? காரவள்ளி தாண்டி பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் தொடங்கியாயிற்று. மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் போர்டு வைத்திருக்கிறார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதற்கு வசதியாக.

"விட்டு விட்டு வந்தா கன்டினியூவல். விடாம வந்தா கன்டினியூவஸ். இந்த வளைவெல்லாம் எதுல சேரும்?"

தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார். "இதுவும் கன்டினியூவல்தான்" என்று முதுகைத் தடவிக்கொடுப்பார் நம்மவர். ஈரமில்லாதவர் என்று சொல்லிவிடக் கூடாது. முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுப்பவரும் அவர்தான்.

1926-இல் ஃபவுலர் என்கிற இங்கிலீஷ்காரர் போட்ட அகராதியில் இந்தப் பாகுபாடு இருக்கிறது. இங்கிலீஷ்காரர்களிலேயே பலர் இப்போது அதைச் சட்டை செய்வதில்லை. காப்பாற்றும் பொறுப்பு எப்படியோ நாமக்கல் மாவட்டத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. மற்றவர்கள் சிலையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மிளகு வாங்கப் போய்விடுவார்கள். இவர் மோவாயைத் தேய்த்தபடி நிற்பார். அம்பு போனது விடாமல்; மிருகங்கள் விழுந்தது ஒவ்வொன்றாக. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஃபவுலருக்கு ஓரியைத் தெரியாதது பெரிய நஷ்டம்.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கும்போது அவருடைய பேச்சு அருவிக்கே சவால் விடும். 'பிரசன்ட் கன்டினியூவஸ் டென்ஸ் இருக்கே, கன்டினியூவல் டென்ஸ் ஏன் இல்லை?' என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொல்வார்.

ஏறும்போதுதான் சங்கதி மாறுகிறது. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்கிறார். "அதாவது தம்பி..." மூச்சு. "இதுல பாருங்க..." மூச்சு.

தம்பி திரும்பிப் பார்க்கிறார். "சார், இப்ப நீங்க பேசறது கன்டினியூவல்."

அத்தனை இளைப்பிலும் பெரியவர் முகம் மலர்கிறது. "கரெ..." என்கிறார். "...க்ட்" அடுத்த படியில் வருகிறது.